அரசு மரியாதைக்குரிய மீசை

சேஷன் இறந்தபோது அவர் முகத்தில் மீசை இல்லை. உயிரோடு இருந்த காலத்திலும் வீட்டில் அவர் மீசை வைத்துக்கொண்டதில்லை. அது ஒரு குறை என்று அவர் மனைவி விஜயத்துக்கு அன்று மத்தியானம் வரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை, கரமனை வீட்டில், காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்தார். விஜயம் அடுப்பை அணைத்தாள். பொங்கி வழிந்திருந்த பாலைத் துடைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. வேறு யார் வீட்டிலோ நடப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பதுபோல இருந்தது.

பெங்களூரிலிருந்து மகள் மீரா போனில் அழுதாள். "அம்மா, பிளைட் கிடைச்சுடுத்து. சாயங்காலம் வந்துடறேன். அதுக்குள்ள எடுத்துடாதீங்கோ. எனக்கு அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான்."

"வா. பார்க்கலாம்," என்றாள் விஜயம். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் அன்றைக்குத் தன் வேலை என்று அவளுக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

சேஷன் சினிமா நடிகர். ஆனால் சுவரொட்டியில் வருகிற நடிகர் அல்ல. தபால்காரர், கல்யாணப் பெண்ணின் அப்பா, கோயிலில் பூஜை செய்கிற சாந்தி, "பெரியவர் போயிட்டார்" என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொல்கிற ஆள் என மலையாளப் படங்களில் இப்படிப்பட்ட எல்லோரும் அவர்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு தாடியோ வழுக்கையோ மருவோ உண்டு. கடைசியில் ஒரு படத்தில் ஹெட்கான்ஸ்டபிள் தங்கப்பனாக வந்தார். பெரிய முறுக்கு மீசை. மேலதிகாரி வந்தால் இரண்டு விரலால் மீசை நுனியைக் கீழே தள்ளிவிடுவார். அதிகாரி போனதும் மேலே முறுக்கிவிடுவார். அவ்வளவுதான் அவர் செய்தது. கேரளமே சிரித்தது. அதற்கப்புறம் அவர் செய்த வேறு எதையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மீசை இல்லாமல் கரமனை பஸ்ஸில் நின்றுகொண்டு போவார். பக்கத்தில் நிற்பவர் அவருடைய தமாஷையே செல்போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். இறங்கும் இடம் வந்தால் சேஷன், "கொஞ்சம் வழி விடுங்கோ" என்று அவரிடமே சொல்லிவிட்டு இறங்கி வருவார்.

சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே மாநில சலச்சித்திர அந்திமோபசார சமிதி வந்துவிட்டது. சினிமாக்காரர்கள் இறந்தால் கடைசி மரியாதை செய்வதற்கென்றே ஏற்பட்ட அமைப்பு அது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஏதாவது செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. காரியதரிசியின் பெயர் தாணுலிங்கம். கையில் கறுப்புத் துணி, தோளில் ரீத்து என்கிற மலர்வளையம், காதில் போன்.

"மாமி, இனி நீங்க ஒண்ணும் விஷமிக்கண்டா, கவலை வேண்டாம். எல்லாம் சமிதி பார்த்துக்கும், கேட்டோ," என்றார். "மூணு தரம் உண்டு. நாயகர்னா ஒரு நாள் முழுக்க ஹால், மந்திரி, ஆகாசத்துக்குத் துப்பாக்கி வெடி. குணசித்திரம்னா அரை நாள் ஹால், மந்திரி வந்தா வந்தார். பாக்கி உள்ளவங்களுக்கு வாட்ஸ்அப்ல ஒரு அனுசோசனம், இரங்கல் செய்தி. சார் குணசித்திரம். பாக்யம்தான்."

"ஆத்துலயே இருக்கட்டுமே," என்றாள் விஜயம்.

சேஷனின் தம்பி பஞ்சாபகேசன் அவசரமாகக் குறுக்கிட்டார். அவர் செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். "மன்னி, கவர்ன்மெண்ட் காரியம். வேண்டாம்னு சொல்லப்படாது."

"சாயங்காலம் மீரா வரா. அதுக்குள்ள ஆத்துக்குக் கொண்டுவந்துடணும்."

"அது நான் ஏத்தேன், என் பொறுப்பு," என்றார் தாணுலிங்கம்.

மண்டபம் பாளையத்துப் பக்கம் இருந்தது. முதல் வரிசையில் சோபாக்கள். அவற்றின் முதுகில் 'துக்கம் – வி.ஐ.பி.' என்று ஒட்டியிருந்தது. அடுத்த வரிசை 'துக்கம் – பத்திரிகை'. தூணுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் 'துக்கம் – குடும்பம்' என்றிருந்தது. விஜயம் ஒன்றில் உட்கார்ந்தாள். தூண் மறைத்ததால் கணவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பஞ்சாபகேசன் மற்ற நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெடுமங்காட்டிலிருந்து பஸ் பிடித்து ரீத்தோடு வந்த ஒருவர் சுற்றும்முற்றும் தேடினார்.

"தங்கப்பன் எவிடே?"

"இதுதான்," என்றார் தொண்டர்.

"போ சாரே. இது ஏதோ பட்டராணு."

பட்டர் என்றால் அங்கே தமிழ்ப் பிராமணர். வந்தவர் ரீத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டிவியில் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மீசைத் தங்கப்பனையும் மறுபக்கம் கண்ணாடிப் பெட்டியையும் காட்டினார்கள். இரண்டு பேரில் யார் இறந்தது என்று நேயர்கள் போன் செய்து கேட்டார்கள். தங்கப்பன் ஏதோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பதாக ஒரு செய்தி கிளம்பியது. வரிசை மெலிந்தது. வழிப்போக்கர் ஒருவர் உள்ளே வந்து, மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சமிதித் தலைவர் மாதவக்குறுப்பு மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் பழைய டைரக்டர். கோடம்பாக்கத்தில் இருந்த காலத்தில் கற்ற தமிழ் இன்னும் மறக்கவில்லை. குடும்பத்தின் சார்பில் விஜயத்தையும் பஞ்சாபகேசனையும் அழைத்து ஓரமாக நிறுத்தினார்கள்.

"பிரஸ்னம் குருதரம், பெரிய சிக்கல்," என்றார் குறுப்பு. "ஜனங்க அஞ்சலி செலுத்த வந்திருக்காங்க. யாருக்கு? அவங்களை சிரிக்க வச்ச முகத்துக்கு. அந்த முகம் இங்க இல்லை. இங்க கிடக்கிறது அதோட பின்னாடி இருந்த சொகாரிய வ்யக்தி, தனி மனுஷன். சொகாரிய வ்யக்தியைப் பார்க்க வீட்டுல கிடத்தினா போதும், ஹால் எதுக்கு?"

எல்லோரும் தலையசைத்தார்கள்.

"அதனால, ஒரு மீசை."

மற்றொரு உறுப்பினர், மீசையோடு கான்ஸ்டபிள் தொப்பியும் வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். அதன்மேல் நீண்ட விவாதம் நடந்தது. போலீஸ் உத்தியோகத்தில் இல்லாதவர் போலீஸ் தொப்பி அணிந்து மந்திரி முன்னால் கிடப்பது சட்டப்படி குற்றமாகலாம் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சட்டத்தை மதித்துத் தொப்பியைக் கைவிட்டார்கள். மீசைக்குச் சட்டத்தில் தடை இல்லை.

"அவருக்கு மீசை கிடையாதே," என்றாள் விஜயம்.

"படத்தில உண்டே, அம்மா."

"வேண்டாம். என் பொண்ணு வரா. அவளுக்கு அப்பா முகத்தைப் பார்க்கணும்."

குறுப்பு கண்ணை மூடித் திறந்தார். காரியதரிசியிடம், "எழுதிக்கோ. 'குடும்பத்தின் வேதனையில் சமிதி பங்குகொள்கிறது'," என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

விஜயம் மைத்துனரைப் பார்த்தாள். பஞ்சாபகேசன் தரையைப் பார்த்தார். "பெரியவாள்ளாம் முடிவு பண்ணிட்டா மன்னி," என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஆயுசு முழுவதும் பைலுக்கு முன்னால் நின்றே பழகியவர்.

மேக்கப்மேன் தாசையனை ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். பாறசாலைக்காரர். சேஷனுக்கு வருஷக்கணக்காக ஒப்பனை செய்தவர். காலையிலேயே வந்து வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. விஜயத்திடம் வந்தார்.

"அம்மா, நான் ஒட்டல்லேன்னா வேற எவனாவது வந்து கண்ட பசைய தேச்சு வலிச்சு ஒட்டுவான். என்ன செய்யட்டும்?"

விஜயம் சொல்ல வேண்டிய வார்த்தை எங்கோ தூரத்தில் இருந்தது, எடுத்துவரத் தெம்பில்லை. தாசையன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்ததும் குனிந்து, "சாமி, தொடட்டா?" என்று கேட்டார். பதினைந்து பேர் சுற்றி நின்று வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று சொன்னார்கள். "இடது நுனி கொஞ்சம் தூக்கு" என்றார் குறுப்பு.

மீசை ஏறியதும் மண்டபம் நிறைந்தது. பெண்கள் வாயைப் பொத்தி அழுதார்கள். காலேஜ் பையன்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு விரலால் தங்கள் மேலுதட்டைத் தள்ளிக்கொண்டு படம் எடுத்தார்கள். நெடுமங்காட்டுக்காரர் வழியிலேயே கேள்விப்பட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி ரீத்தோடு திரும்பி வந்தார். ஒரு சேனல்காரர் அவர் ரீத்து வைத்தது கேமராவில் சரியாக விழவில்லை என்றார். அவர் எடுத்து மறுபடி வைத்தார். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக அழுதார்.

பிறகு அனுசோசன உரைகள்.

குறுப்பு மைக்கைப் பிடித்தார். "சேஷனை நான்தான் கண்டுபிடிச்சேன். ஒரு நாள் என்கிட்ட வந்து, 'சார், ஒரு சீன்லயாவது ஒப்பனை இல்லாம என் முகத்தோட நடிக்கட்டுமா'ன்னு கேட்டான். நான் சொன்னேன்: 'சேஷா, முகம் இல்லாததுதான் உன் மூலதனம். அதைக் கெடுத்துக்காதே.' கேட்டான். கடைசி வரைக்கும் கேட்டான். அந்த அனுசரணைதான் இன்னைக்கு அவனை இந்த மேடையில கொண்டுவந்து கிடத்தியிருக்கு."

கைதட்டல் எழுந்து, இடம் கருதி அடங்கியது.

பெரிய கதாநாயகர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். "நம்ம சேஷன், சாமிச்சேட்டன், எனக்குப் பின்னால நின்னு எத்தனையோ படம். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்க வேண்டி வந்ததில்லை. அப்படியொரு கலைஞன்." அவர் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தி, கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்.

தூணுக்குப் பின்னால் விஜயம் கணவரின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாதத்தின்மேல் பூ விழுந்துகொண்டே இருந்தது. அதை யாராவது எடுத்துவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

மந்திரி தாமதமாக வந்தார். வருகிற வழியில் யாரோ காதில் 'ஹெட்கான்ஸ்டபிள்' என்று சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டி முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "டிப்பார்ட்மெண்டுக்கு சத்தியசந்தனாய ஒரு உத்தியோகஸ்தன் நஷ்டப்பட்டு," என்று நேர்மையான அதிகாரியை இழந்த துக்கத்தோடு சொன்னார். தாணுலிங்கம் ஓடிப்போய் ஏதோ கிசுகிசுத்தார். மந்திரி கலங்கவில்லை. "கலையும் ஒரு டிப்பார்ட்மெண்ட்தன்னே," என்று முடித்தார். இதற்குத்தான் அதிகமான கைதட்டல் கிடைத்தது.

மந்திரி போனதும் விஜயம் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எல்லாம் ஆச்சு இல்லையா? அதை எடுத்துடுங்கோ. மீரா ஏர்போர்ட்ல இறங்கியாச்சு."

"ஐயோ மாமி!" தாணுலிங்கம் நெஞ்சில் கை வைத்தார். "மந்திரி சல்யூட் அடிச்சது இந்த மீசைக்கு. இனி எடுத்தா மந்திரியை அவமதிக்கிற மாதிரி. சம்மானிச்ச, மரியாதை செஞ்ச ரூபம் சிதை வரைக்கும் மாறக்கூடாது, அது சட்டம். சேனல் வண்டியும் பின்னாடி வருது, லைவ்."

"அவளுக்கு அவ அப்பாவைப் பார்க்கணும்."

"பார்க்கட்டுமே. லோகம் முழுக்கப் பார்க்கிற முகமில்லையா?"

விஜயத்துக்குக் காலையிலிருந்தே உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அந்த மரப்பின் நடுவில் ஒன்று மட்டும் ஊசிபோல உறுத்தியது: மகளுக்குச் சொன்ன வார்த்தை போய்விட்டது.

ஆம்புலன்சில் பெட்டியை ஏற்றியபோது தாசையன் தாணுலிங்கத்திடம் வந்து நின்றார். "சாரே, ரோடு முழுக்க குழி. வண்டி குலுங்குனா மீசை வழுக்கிரும். யாராவது கூட இருந்து அமுத்திப் பிடிக்கணும்."

"அதைச் செய், தாசையா," என்றார் தாணுலிங்கம் மகிழ்ச்சியோடு. அந்தப் பசைக்கு மழையில்கூட மீசை வழுக்காது. தாசையன் அன்று சொன்ன ஒரே பொய் இதுதான். இதைப் பாவக் கணக்கில் கடவுள் எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

முன்னால் சமிதியின் கார், பின்னால் சேனல் வண்டி, நடுவில் ஆம்புலன்ஸ். டிரைவர் லிங்கராஜ். உள்ளே விஜயம், பஞ்சாபகேசன், தாசையன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் அருகே வந்ததும் எல்லாம் நின்றுபோயின. சபரிமலைக் கூட்டம். கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற சத்தம் ஓயாமல் கேட்டது. சமிதியின் கார் எப்படியோ நுழைந்து முன்னே போய்விட்டது. சேனல் வண்டி இரண்டு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"அம்மா," என்றார் தாசையன், "இப்பம் எடுத்திரட்டா?"

விஜயம் அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து இவரைத் தவிர யாரும் அவளிடம் எதையும் பதிலுக்காகக் கேட்கவில்லை.

"எடுங்கோ," என்றாள்.

பெட்டியின் மூடியைத் தூக்கி, தாசையன் மீசையின் ஓரத்தை நகத்தால் தொட்டார். அசையவில்லை. மறுபடி தொட்டார். அவர் கண் கலங்கியது. "லேசா ஒட்டணும்னுதான் நெனச்சேன். கை கேக்கல்லியே. நாள் பூரா வெயில்ல நிக்கணும், வேர்வையில விழக்கூடாதுன்னு ஒட்டிப் பழகுன கை... பசையெ கரைக்கிற மருந்துள்ள மேக்கப் பெட்டியெ ஹால்லயே வாங்கி வச்சிட்டானுவ. இத இப்பிடி இழுத்தா தோலு வந்திரும் அம்மா."

"எண்ணெய் போட்டா?" என்று முன்னாலிருந்து லிங்கராஜ் கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே, நடைபாதையில் ஒரு பெண் தேங்காயும் தேங்காயெண்ணெயும் திரியும் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தாள். லிங்கராஜ் கண்ணாடியை இறக்கினார். "ஆவுடைத்தாய்க்கா, கொஞ்சம் தேங்காயெண்ண குடு. அவசரம்."

"யாருக்குல? தலைவலியா?" என்று எழுந்து வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த பாட்டில் பாதி வழியில் நின்றுவிட்டது. "ஏ ஆத்தா. இது நம்ம சாமில்லா!"

விஜயம் நிமிர்ந்தாள்.

"என்கிட்டதான் காய் வாங்குவாவ. 'நல்லதா ஒண்ணு நீயே பார்த்துக் குடும்மா'ன்னு சொல்லிட்டு, நான் எடுத்துக் குடுத்தத ஒரு நாளும் தட்டிப் பார்க்க மாட்டாவ. எப்பம் போனாவ? என்னத்துக்கு மூஞ்சியில இந்தக் கண்றாவிய ஒட்டி வச்சிருக்கிய?"

"அவர் சினிமாவுல நடிச்சவர்," என்றார் பஞ்சாபகேசன்.

"அப்படியா?" என்றாள் ஆவுடைத்தாய். "எனக்குத் தெரியாது. நல்ல மனுசன்." பாட்டிலை அப்படியே ஜன்னல் வழியாக நீட்டினாள். விஜயம் பையைத் திறந்தபோது, "மூடுங்க அம்மா அத," என்று அதட்டினாள்.

தாசையன் விரலால் எண்ணெயைத் தொட்டு மீசையின் வேரில் தடவினார். கொஞ்சம் காத்திருந்தார். இன்னும் தடவினார். பின்னால் சேனல் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்கியது. கேமராக்காரர் இறங்கி ஓடிவந்தார். ஆவுடைத்தாய் தன் கூடையை வழியில் தள்ளி வைத்து, "தேங்கா மேல மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்," என்றாள்.

அப்போது பஞ்சாபகேசன் ஒரு காரியம் செய்தார். தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து ஜன்னலில் விரித்துப் பிடித்தார். அரசாங்கத்துக்கு எதிராக அவர் செய்த முதல் காரியம் அது. "சீக்கிரம் ஆகட்டும் தாசையா," என்றார்.

மீசை மெதுவாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, தோலை நோகடிக்காமல் கழன்று வந்தது. தாசையன் தன் வேட்டி நுனியால் அவர் உதட்டைத் துடைத்தார்.

கரமனைத் தெருவில் சமிதி முழுவதும் காத்திருந்தது. பெட்டியை இறக்கியதும் தாணுலிங்கம் பார்த்தார். "மீசை எங்கே?"

கேமராக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராவை நீட்டிப் பார்த்துவிட்டு, காதிலிருந்த கருவியில் பேசினார். "இல்ல சேட்டா, இங்க ஆரோ ஒராளு. தங்கப்பன் இல்ல." லைவ் நின்றது. சேனல் வண்டி திரும்பிப் போயிற்று.

குறுப்பு காரிலிருந்து இறங்கவில்லை. தாணுலிங்கம் போய் ஜன்னலருகே குனிந்து பேசிவிட்டு வந்தார். சம்மானிக்கப்பட்ட ரூபம் இப்போது இல்லாததால், சம்மானம் மண்டபத்திலேயே பூர்த்தியானதாகச் சமிதி கருதும் என்றார். வீட்டில் நடப்பது சொகாரியக் காரியம். அதற்கும் சமிதிக்கும் சம்பந்தமில்லை. வைத்த ரீத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்தபடி இன்னொருவருக்கு வேண்டியிருந்தது.

தெரு காலியானது. பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து, சேஷனை வீட்டுக் கூடத்தில் கிடத்த உதவினார்கள். தாசையன் வாசலுக்கு வெளியே நின்றார். விஜயம் திரும்பிப் பார்த்து, "உள்ளே வாங்கோ," என்றாள். அவர் வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

டாக்சி வந்து நின்றது. மீரா செருப்பைக் கழற்ற மறந்து ஓடி வந்தாள். அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, முகத்தையே பார்த்தாள். மேலுதடு சிவந்து, எண்ணெய் பளபளத்தது. அவள் அங்கே விரலால் தொட்டாள்.

"அம்மா," என்றாள், "அப்பா அப்பாவாவே இருக்கார்."

"ஆமாண்டி," என்றாள் விஜயம். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.